எவ்வளவு தூரம்?

கடைக்குச் சென்று ஒரு பொருளை வாங்க எண்ணுவோரிற் பெரும்பாலார், "இவற்றுள் சிறந்தது எது?" என்றே முதலிற் கேட்கின்றனர். "இது எதற்காக?" என்னும் வினா அதன் பின்னரே எழுகின்றது, சிலருக்கு அது எழுவதேயில்லை. மூக்குக் கண்ணாடி வாங்கப்போன முதியவர் ஒருவர், தாம் அணிவது பத்திரிகை படிப்பதற்கோ தெருவில் வருவோரை அடையாளம் காண்பதற்கோ என்பதைக் கூறாது, "உள்ளவற்றுள் உயர்ந்ததைத் தாரும்" என்பாராயின், கடைக்காரர் என்செய்வார்? கண்ணாடியின் உயர்வு அதன் விலையில் இல்லை. நோக்கப்படும் பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதில் இருக்கின்றது. இவ்வுண்மையை நமக்கு மீண்டும் நினைவூட்டியது, நாம் ஒருபோதும் எதிர்பாராத ஒரு பொருள்: துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்துவதற்கு உதவும் உலோகத் தாங்கி.

துப்பாக்கி என்றதும் வாசகர் முகஞ் சுளித்தல் இயல்பே. நமது குடும்பத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. நம் தம்பியின் மகள், யாழ்ப்பாண வழக்கிற் கூறுவதாயின் நம் பெறாமகள், இங்கிலாந்திற் பிறந்து வளர்ந்து அங்கேயே பொறியியல் கற்கின்றாள். இலக்குச் சுடும் கழகம் ஒன்றிற் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகப் பழகிவரும் அவள், பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்திற் பழைய துப்பாக்கி ஒன்றையும் தொலைநோக்கி ஒன்றையும் வாங்கியிருந்தாள். எஞ்சியது தாங்கி மாத்திரமே. கடையில் மூவகைத் தாங்கிகளைக் காட்டினராம்: சமமானது ஒன்று, 20 கலைச் சரிவுடையது ஒன்று, 40 கலைச் சரிவுடையது ஒன்று. கையிலிருந்த பணமோ ஒன்றுக்கே போதும். "பெரியப்பா, நீங்கள் கணக்குப் படிப்பித்தவர், எதை வாங்கலாம் என்று சொல்லுங்கோ" என்று தொலைபேசியிற் கேட்டாள். நாம் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டவர் அல்லேம். ஆயினும் எறியங்களின் இயக்கத்தை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்த கை, அவ்வினாவைக் கேட்டதும் பென்சிலைத் தேடியது.

அதற்குள் தொலைபேசி அவள் தாயின் கைக்கு மாறியது. "அத்தான், இவ்வளவு காலமும் கேட்ட துவக்குச் சத்தம் காணாதோ? நீங்களும் இதுக்கு உடந்தையோ?" என்றார். அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடுதல் இயலாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த மழை இரவில், ஒரு கையிற் பெட்டியும் மறு கையில் வயோதிபத் தாயுமாக நடந்தவர் அவர். துவக்கு என்னும் சொல் அவருக்கு ஒரு விளையாட்டுக் கருவியின் பெயரன்று. அங்கே பிறந்த மகளுக்கோ அது குழலும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு நுண்கருவி. ஒரே பொருள் இருவர் கண்களுக்கு இருவேறு தூரங்களில் நிற்கின்றது. எனவே, தாங்கியைத் தெரிவதற்கு முன்னர், அந்நாட்டில் அவ்விளையாட்டு எத்தகையது என்பதை இருவர் பொருட்டும் நாம் விசாரித்தறிய வேண்டியதாயிற்று.

பிரித்தானியாவிற் றைபிள் வைத்திருக்க விரும்புவோர் பொலிசாரிடம் சான்றிதழ் பெறுதல் வேண்டும். அதனை 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் விதிக்கின்றது. "எனக்கு ஆசை" என்பது போதிய காரணமாகாது. அங்கீகாரம் பெற்ற கழகத்திற் குறைந்தது மூன்று மாதம் பயில்நிலை உறுப்பினராகப் பழகியிருத்தல் முதலிய நிபந்தனைகள் உள. வீட்டில் அதனைப் பூட்டிய உருக்குப் பெட்டியில் வைத்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் என்னும் ஊரிற் பாடசாலைப் பாலகர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னர், 1997இற் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருத்தல் அங்கே பெரும்பாலும் தடை செய்யப்பட்டது. ஆகவே, கருவியின் கொடுமையை அறியாத நாடன்று அது. அறிந்தபின் அதற்கு வேலி கட்டிய நாடு.

அவள் சென்று சுட விரும்பும் இடம் பிஸ்லி. இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கே சறே மாகாணத்தில் உள்ளது. பிரித்தானியாவின் தேசிய றைபிள் சங்கம் 1859இல் தோன்றியது. அதன் முதலாவது போட்டி 1860ஆம் ஆண்டு யூலைத் திங்களில் விம்பிள்டன் வெளியில் நடைபெற்றது. விக்ரோறியா மகாராணியாரே முதல் வெடியைத் தீர்த்துப் போட்டியைத் தொடக்கி வைத்தார். 400 யார் தூரத்து இலக்கு. விற்வேத் றைபிள் ஒன்றை இயந்திரத் தாங்கியில் இறுகப் பொருத்தி, முன்னரே குறி அமைத்து வைத்திருந்தனர். மகாராணியார் பட்டுக் கயிற்றை இழுத்தார். சன்னம் இலக்கின் நடுவிற் பட்டது. சுட்ட கை அரசியினுடையது. ஆயினும் குறி தப்பாது காத்தது தாங்கியைப் பொருத்தியவர் கை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் தகும். பின்னர் 1890இற் போட்டிகள் பிஸ்லிக்கு மாறின. இன்று அங்குள்ள 'செஞ்சுரி' களத்தில் 600 யார் வரையும், 'ஸ்ரிக்கிள்டவுண்' களத்தில் 1200 யார் வரையும் சுடுகின்றனர்.

பிஸ்லியின் தலையாய பரிசு அரசர் பரிசு எனப்படுவது. அரசி ஆளுங் காலத்தில் அது அரசி பரிசு எனப் பெயர் பெறும். அப்போட்டியிற் தொலைநோக்கிக்கு இடமில்லை. சிறு துளையூடாகவே குறி பார்த்தல் வேண்டும். தொலைநோக்கியுடன் சுடுவோருக்கென வேறொரு வகுப்பு உண்டு. அதனை எஃப் வகுப்பு என்பர். கனடா நாட்டவரான யோர்ச் பாகுவர்சன் என்னும் முதிய வீரர், முதுமையினாற் கண் மங்கியவர்களும் விளையாட்டைக் கைவிடாதிருக்கத் தொலைநோக்கியையும் ஊன்றுகோலையும் அனுமதித்தல் வேண்டும் என வற்புறுத்தினார். அவர் பெயரின் முதலெழுத்தே அவ்வகுப்பின் பெயராயிற்று. முதியவர்களுக்கென எழுந்த அவ்வகுப்பில் இன்று இளைஞர் பலரும் சேர்ந்துள்ளனர். நம் பெறாமகளும் அவர்களுள் ஒருத்தி.

இனிக் கணக்குக்கு வருவோம். மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எம்முடன் வருவார்களாக.

பார்வை நேர்கோட்டிற் செல்வது. சன்னமோ வளைகோட்டிற் செல்வது. குழலை விட்டு நீங்கிய கணம் முதலே பூமி அதனைத் தன்பால் இழுக்கின்றது. எறியப்பட்ட பொருளின் பாதை, காற்றில்லாத இடத்திற் பரவளைவாகும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். காற்றுள்ள இடத்தில் அப்பரவளைவு கெட்டு, இறங்கும் பக்கம் ஏறும் பக்கத்தினும் செங்குத்தாகின்றது. ஏறத்தாழ 10 கிராம் நிறையுள்ள சன்னம், விநாடிக்கு ஏறத்தாழ 900 மீற்றர் வேகத்திற் புறப்பட்டு 1000 யார் தூரத்தை அடைய ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். அதற்குள் அது குழலின் நேர்கோட்டிலிருந்து முப்பது அடி அளவுக்கு வீழ்ந்துவிடுகின்றது. ஆகவே குழல் வானை நோக்கிச் சற்றே நிமிர்ந்திருத்தல் வேண்டும். கண்ணோ இலக்கையே நோக்குதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள சிறு கோணமே இவ்விளையாட்டின் கணக்கு முழுவதும்.

அக்கோணத்தை அளக்கும் அலகு கலை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. வட்டத்தில் 360 பாகை. எனவே 21,600 கலை. 100 யார் தூரத்தில் ஒரு கலை 1.047 அங்குலத்தைத் தாங்கி நிற்கும். 1000 யாரிற் பத்தரை அங்குலத்தை எட்டும். அமெரிக்க முறைப்படி, 1000 யார் எஃப் வகுப்பு இலக்கிற் பத்துப் புள்ளி பெறும் வட்டத்தின் விட்டம் 10 அங்குலம். எனவே, ஏறத்தாழ ஒரு கலைக்குள் எல்லாவற்றையும் அடக்குபவரே அங்கே வல்லவர்.

அவள் துப்பாக்கிக்கு எத்துணைக் கலை வேண்டும்? தொலைநோக்கி குழலுக்கு இணையாகப் படுத்திருக்கும் நிலையை 0 எனக் கொள்வோம். 100 யாரிற் குறி தைக்க ஏறத்தாழ 4 கலை வேண்டும். 300 யாருக்கு 8. 600 யாருக்கு 18. 1000 யாருக்கு 36. சன்னத்தின் வடிவு, வேகம், வெப்பநிலை என்பவற்றால் இவ்வெண்கள் சிறிது மாறுமாயினும் கணக்கின் போக்கு மாறாது. தூரம் இரட்டித்தாற் கோணமும் இரட்டிக்கும் என எண்ணுவோர் இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குக. 300இலிருந்து 600க்குச் செல்லும்போது கூடுவது 10 கலை. 600இலிருந்து 1000க்குச் செல்லும்போது கூடுவது 18 கலை. வேகம் குறையக் குறைய வீழ்ச்சி விரைகின்றது.

தொலைநோக்கியின் தலையிலுள்ள குமிழைத் திருகினால், உள்ளே குறுக்குக் கம்பிகள் மேலும் கீழும் நகரும். ஆனால் அந்நகர்வுக்கு ஓர் எல்லை உண்டு. குழாயின் உட்சுவர் அதற்கு மேற் செல்லவிடாது. அவள் வாங்கிய தொலைநோக்கியின் மொத்த நகர்வு 60 கலை. அஃதாவது நடுவிலிருந்து மேலே 30, கீழே 30. இங்கேதான் தாங்கி தன் வேலையைத் தொடங்குகின்றது.

முதலாவது, சமமான தாங்கி. இதனாற் கிடைப்பது மேலே 30 கலை மாத்திரமே. 1000 யாருக்கு வேண்டியதோ 36. ஆறு கலை குறைவு. 1000 யாரில் ஆறு கலை என்பது ஐந்தடிக்கு மேல். இலக்கின் நடுவை நோக்கிச் சுட்டவளின் சன்னம் இலக்குக்குக் கீழே மண்ணிற் புதையும். குமிழை எவ்வளவு முறுக்கினும் பயனில்லை.

இரண்டாவது, 20 கலைச் சரிவுடைய தாங்கி. இதன் பின்புறம் முன்புறத்தினும் சற்றே உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தது? 130 மில்லிமீற்றர் நீளமுள்ள தாங்கியில் முக்கால் மில்லிமீற்றர் அளவே. தடித்த அட்டைத் துண்டு ஒன்றின் கனம். அச்சிறு உயரம் 1000 யாருக்கு அப்பாற் பதினேழு அடியாக விரிகின்றது. இத்தாங்கியின் மேல் அத்தொலைநோக்கி இருப்பின், அதன் எல்லை கீழே −10 கலையிலிருந்து மேலே 50 கலைவரை செல்லும். 100 யாருக்கான 4 கலையும், 1000 யாருக்கான 36 கலையும் அதற்குள் அடங்கும். இரு பக்கமும் 14 கலை மீதமும் உண்டு.

மூன்றாவது, 40 கலைச் சரிவுடையது. இதன் எல்லை 10 கலையிலிருந்து 70 கலைவரை. 1000 யாரும் கிட்டும். 1200 யாரும் கிட்டும். ஆனால் 100 யாருக்கு வேண்டிய 4 கலைக்கு அதனை இறக்க முடியாது. 300 யாருக்கு வேண்டிய 8 கலைக்கும் முடியாது. குமிழை அடிமட்டத்துக்குத் திருகினாலும் சன்னம் குறிக்கு மேலேயே செல்லும்.

நம் பெறாமகளின் மனம் மூன்றாவதையே நாடியிருந்தது. "தூரம் கூடியதுதானே நல்லது, பெரியப்பா?" என்றாள். இளமையின் கண் தூரத்தையே பார்ப்பது இயல்பு; அதனைக் குறை கூறுதல் தகாது. ஆயினும் அவளிடம் ஒரு பட்டியல் எழுதும்படி கூறினோம். வருகின்ற ஓராண்டில் எந்தெந்தத் தூரத்தில், எத்தனை நாள் சுடப் போகின்றாய்? அவள் எழுதி அனுப்பியது வருமாறு: மாரிகாலம் முழுவதும் கழகத்தில் 100 யாரும் 300 யாரும், வசந்தத்தில் 600 யார், கோடையில் இரண்டே வார இறுதிகள் 1000 யார். இவற்றுக்கு மேலாகக் கழகத்தின் விதி ஒன்றும் உண்டாம். அண்மைத் தூரத்திற் குறி சரிபார்த்து ஒப்புதல் பெறாத துப்பாக்கியைத் தூரக் களத்துக்குக் கொண்டுசெல்ல அவர்கள் விடார். ஆகவே, தூரத்துக்கே உரியதெனத் தெரிந்த தாங்கி, அத்தூரத்துக்குச் செல்லும் வாயிலையே அடைத்துவிட்டிருக்கும்.

இதிலிருந்து மாணவர்கள் ஒரு பொது விதியை வருவித்துக் கொள்ளலாம். சுட எண்ணிய மிகக் குறைந்த தூரத்துக்கு வேண்டிய கலையையும், மிகக் கூடிய தூரத்துக்கு வேண்டிய கலையையும் கூட்டி இரண்டாற் பிரித்தால் வருவதே தாங்கிக்கு ஏற்ற சரிவு. அவள் பட்டியலில் 4உம் 36உம், கூட்டினால் 40, பாதி 20. முந்நூறு யாருக்கு மேற் செல்லாதவருக்கு 4உம் 8உம், பாதி 6, அவருக்குச் சமமான தாங்கியே போதும். 900 யாருக்குக் கீழ் ஒருபோதும் சுடாதவருக்குப் பாதி முப்பதுக்கு மேல் வரும். அவருக்கு 40 கலைத் தாங்கி பொருந்தும். மூன்று தாங்கிகளும் நல்லனவே. ஒவ்வொன்றுக்கும் உரிய ஆள் வேறு. சரிவை வேண்டியபோது மாற்றத்தக்க தாங்கிகளும் உள. அவற்றின் விலை மாணவர் கைக்கு எட்டாதது.

சரிவு ஒன்றே போதுமென எண்ணற்க. தாங்கியின் உயரமும் நோக்கற்பாலது. தொலைநோக்கியின் முன் வில்லை அகன்றதாயின் அது குழலைத் தொடாதபடி உயர்த்துதல் வேண்டும். அளவின்றி உயர்த்தினால், சுடுபவர் கன்னம் கட்டையிற் பதியாது அந்தரத்தில் நிற்கும். கண் வெடிக்கு வெடி இடம் மாறும். கண்ணுக்கும் பின் வில்லைக்கும் இடையே மூன்று நான்கு அங்குல இடைவெளி வேண்டும். அது குறைந்தால், துப்பாக்கி பின்னுதைக்கும்போது வளையத்தின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். குழாயின் விட்டம் ஓர் அங்குலமோ, 30 மில்லிமீற்றரோ, 34 மில்லிமீற்றரோ என அறிந்து அதற்குரிய வளையத்தையே வாங்குதல் வேண்டும். பெரிய துப்பாக்கிகளில் இன்று பெருவழக்காயுள்ளது பிக்கற்றினி என்னும் பல்வரிசைத் தண்டவாளம்; அமெரிக்க இராணுவம் 1995இல் அதன் அளவுகளை வரையறுத்தது. சிறு றைபிள்களிலும் காற்றுத் துப்பாக்கிகளிலும் 11 மில்லிமீற்றர்ப் புறாவால் வடிவே பெரும்பான்மை. ஒன்றுக்குரியது மற்றொன்றிற் பொருந்தாது.

இன்னும் ஒன்று உளது. இதனை நம் ஊர் மேசன்மார் உடனே விளங்கிக்கொள்வர். தூரம் கூடக் கூடத் துப்பாக்கி பக்கவாட்டிற் சாயாதிருத்தல் வேண்டும். 1000 யாரில் ஒரு பாகை சாய்ந்தாற் சன்னம் ஏறத்தாழ ஆறு அங்குலம் பக்கத்தே விலகும். ஒரு பாகைச் சாய்வைக் கண்ணாற் காண்பது அரிது. அதனாலேயே தாங்கியின் அருகே சிறிய இரசமட்டம் ஒன்றைப் பொருத்துகின்றனர். குமிழி நடுவில் நின்றாலன்றி விசையைத் தொடுவதில்லை. சுவர் எழுப்புபவர் கையிலுள்ள அதே கருவி, அதே பொறுமை. திருகாணிகளையும் கைக்கு வந்தபடி முறுக்கலாகாது. தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் தொலைநோக்கி நகரும். மிகையாக இறுக்கினாற் குழாய் நசுங்கும். செய்தவர் குறித்த அளவுக்கு, அளவு காட்டும் திருகுளியாலேயே முடுக்குதல் வேண்டும்.

இக்கணக்கையெல்லாம் நாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தாயார் மறுபுறத்தில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பின்னொரு நாள் அவரே நம்மை அழைத்தார். "அத்தான், அந்த ஆயிரம் யாருக்கு அங்காலை என்ன இருக்கு?" என்று கேட்டார். "கடதாசி ஒட்டிய பலகை. அதற்குப் பின்னால் மண் திட்டி" என்றோம். "ஆக்கள்?" என்றார். உண்மையை மறைத்தல் முறையன்று. ஆட்கள் உண்டு. இலக்குப் பலகையின் கீழே, மண் அணைக்குப் பின்னால் ஆழமான அகழி ஒன்றில் அமர்ந்திருப்பர். ஒவ்வொரு வெடியின் பின்னும் பலகையைக் கீழே இறக்கி, துளை விழுந்த இடத்தில் வட்டு ஒன்றைப் பொருத்தி மீண்டும் உயர்த்துவர். சுடுபவர்கள் முறை வைத்து அவ்வேலையையும் செய்தல் வேண்டும், மகளும் செய்திருக்கின்றாள். தலைக்கு மேலே சன்னங்கள் செல்லும், அகழிக்குள் ஆபத்தில்லை.

சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "பதுங்கு குழி. நாங்கள் உயிரைப் பிடிச்சுக்கொண்டு இருந்த இடத்திலை, பிள்ளை காசு கட்டிப் போய் இருக்கிறாள்" என்றார். அச்சொல்லில் வெகுளி இருந்ததா, நகை இருந்ததா என்பதை இன்றும் நாம் துணிந்து கூறமாட்டோம். இரண்டும் இருந்திருக்கலாம். அதற்கு மறுமொழி கூற நமக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. நம் கணக்குகளுள் எதுவும் அந்த இடைவெளியை அளக்க வல்லதன்று.

ஆயினும் அடுத்த மாதம் அவர் மகளுடன் களத்துக்குச் சென்றார். பிளாஸ்கில் தேநீரும், கடதாசிப் பையில் வடையும் கொண்டு சென்றதாகத் தம்பி கூறினான். முதல் வெடி கேட்டதும் எழுந்து சென்று, காருக்குள் கதவை அடைத்துக்கொண்டு இருந்தாராம். மகள் அன்று மூன்று வெடிகளுடன் நிறுத்திவிட்டு வந்து தாயின் பக்கத்தில் அமர்ந்தாள். இருவரும் வடையைத் தின்றுவிட்டு வீடு திரும்பினர். இரண்டாம் முறை செல்லும்போது தாயார் காது மூடியைத் தாமே கேட்டு வாங்கி அணிந்துகொண்டார். காருக்குள் இருந்தபடியே, கண்ணாடிக் கதவினூடாக மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் இன்னும் அவ்விளையாட்டை விரும்பவில்லை. விரும்பவேண்டும் என்று எவரும் அவரை வற்புறுத்தவும் இல்லை.

பெண்பிள்ளைக்கு இது தகுமோ என்று உறவினர் சிலர் கேட்டதும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1930ஆம் ஆண்டில், பிஸ்லியில், அரசர் பரிசை முதன்முதலாக ஒரு பெண்மணி வென்றார். மாஜறி பொஸ்ரர் என்பது அவர் பெயர். கோழிப் பண்ணை நடத்தி வாழ்ந்தவர். இறுதிச் சுற்றில், படைத்துறையினர் உட்பட ஆடவர் அனைவரையும், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் அவர் முந்தினார். அந்த ஒரு புள்ளியைத் தந்தது தோள்வலியன்று. நிதானமான மூச்சும், தூரத்தைப் பற்றிய தெளிவுமே.

பெறாமகள் 20 கலைத் தாங்கியை வாங்கினாள். மாரி முழுவதும் 100 யாரில், பனிக் குளிரில், குறியைச் சரிபார்த்தாள். ஒரே துளையைச் சுற்றிச் சுற்றி விழும் வெடிகள் அவளுக்குச் சலிப்பையே தந்தன. ஆயினும் ஒவ்வொரு வாரமும் குமிழின் எண்ணையும், வெப்பநிலையையும், விழுந்த இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். கோடையில் ஸ்ரிக்கிள்டவுண் களத்தில் முதன்முறை படுத்தபோது, 100 யாரின் எண்ணிலிருந்து 32 கலை ஏற்றினாள். முதற் சன்னம் இலக்கில் விழுந்தது. நடுவில் அன்று, வலப்புறம் இரண்டடி தள்ளி. அது காற்றின் செயல், தாங்கியின் குறையன்று. உயரம் சரியாகவே இருந்தது. காற்றை அறிதல் வேறொரு கல்வி. அதற்கு ஆண்டுகள் பல செல்லும் என்று கழகத்து முதியவர்கள் அவளுக்குக் கூறினராம்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பல்கலைக்கழகப் பாடத்தையோ, தொழிலையோ, ஊரை விட்டுச் செல்லும் பயணத்தையோ தெரியும் வேளையில், "எது உயர்ந்தது?" என்று ஊராரைக் கேட்டு அலைவதன் முன்னர், ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிப் பாருங்கள். ஒன்று, நீங்கள் சென்றடைய விரும்பும் மிகத் தொலைவான இடம். மற்றையது, நாளைக் காலையில் நீங்கள் செய்யவேண்டிய மிக அண்மையான வேலை. முன்னையதை மாத்திரம் எழுதுபவர் நாற்பது கலைத் தாங்கியை வாங்கி, முதற் களத்திலேயே குறி தவறி நிற்பர். பின்னையதை மாத்திரம் எழுதுபவர் சமமான தாங்கியுடன் முந்நூறு யாருக்குள் வாழ்வை முடித்துக்கொள்வர். இரண்டையும் எழுதி நடுவைக் காண்பது கணக்கிற் சிறிய வேலை. பெற்றோருடன் அமர்ந்து, அவர்கள் நிற்கும் தூரத்தையும் கேட்டறிந்து எழுதுவதே பெரிய வேலை. அதற்குக் காலம் எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கிகள் கடையிற் காத்திருக்கும்.